தலையிலே ஊர், வாலிலே சாதி! நான்கு இராமசாமிகளின் கதை

“தாடியில்லாத இராமசாமி நாயக்கர்!”

சென்னை மாகாணத்தின் முதலமைச்சர் ஒருவருக்கு 1947, 48ஆம் ஆண்டுகளில் சூட்டப்பட்ட பட்டம் இது. சூட்டியவர்கள் எதிர்க்கட்சியினரா? இல்லை. அவர் எந்தக் கட்சிக்காகக் கதர் கட்டி ஊர் ஊராக உழைத்தாரோ, அந்தக் காங்கிரசுக் கட்சியிலேயே அவரைப் பிடிக்காத மேட்டுக்குடியினர். ஏசுவதற்காகத்தான் சொன்னார்கள். ஏசப்பட்டவர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். ஏச்சுக்குக் கருவியாகப் பயன்பட்டவர் ஈரோட்டு இராமசாமி. இருவருக்கும் உறவும் இல்லை, ஒரே ஊரும் இல்லை. கொள்கையிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள இடைவெளி. ஒருவர் வள்ளலாரை நெஞ்சிலே வைத்துப் போற்றிய இறையன்பர். மற்றவர் கடவுள் இல்லை என்று மேடைக்கு மேடை முழங்கியவர். ஆனாலும் அந்த ஏச்சு எங்கோ பொருந்தத்தான் செய்தது. எங்கே என்பதைப் பிறகு சொல்வோம்.

தமிழகப் பொதுவாழ்வில் ஒரே காலத்தில் நான்கு இராமசாமிகள் நடமாடினர். ஈரோடு வெங்கட்ட இராமசாமி நாயக்கர். சேத்துப்பட்டு பட்டாபிராம இராமசாமி அய்யர், அதாவது சர் சி.பி. ஆற்காடு இராமசாமி முதலியார். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார். பார்த்தீர்களா தோழர்களே! நான்கிலும் தலையிலே ஊர், நடுவிலே இராமசாமி, வாலிலே சாதி.

வால் எதற்கு என்று கேட்டால் ஆளை அடையாளம் காணத்தான் என்பர் சில அன்பர்கள். “நாயக்கர், அய்யர், முதலியார், ரெட்டியார் என்று இருந்தால்தானே எந்த இராமசாமி என்று விளங்கும்?” என்று நம்மிடமே கேட்டவர்கள் உண்டு. சரி, ஒரு கேள்வி கேட்போம். இராமசாமி முதலியார் என்றால் யார்? சென்னை சென்ட்ரல் இரயில் நிலையத்துக்கு எதிரே சத்திரம் கட்டியவரும் இராமசாமி முதலியார்தான். அவர் சவலை இராமசாமி முதலியார். கும்பகோணத்தில் முன்சீபாக இருந்தபோது உ.வே.சாமிநாதய்யரிடம் “சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா?” என்று கேட்டு, அந்த ஒரு கேள்வியாலேயே பழந்தமிழ் நூல்கள் அச்சேற வழிதிறந்தவரும் இராமசாமி முதலியார்தான், அவர் சேலத்துக்காரர். ஆற்காட்டாரோ மூன்றாமவர். வால் மூவருக்கும் ஒன்றே. பிரித்துக் காட்டுவது எது? சவலை, சேலம், ஆற்காடு என்று தலையிலே இருக்கும் சொல்! தலை செய்யும் வேலைக்கு வாலுக்கு ஏன் கூலி?

அந்த மூன்றாமவரை முதலில் பார்த்துவிடுவோம். அவர் கதை விரைவில் முடியும். ஏனெனில் அவர் வாழ்ந்த இடங்கள் நம் தெருக்களுக்கு வெகுதொலைவு.

ஆற்காடு இராமசாமி முதலியார் 1887இல் கர்நூலில் பிறந்தார். இரட்டைப் பிள்ளை. கூடப் பிறந்தவர், சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1942 முதல் 1969 வரை 27 ஆண்டு துணைவேந்தராயிருந்த மருத்துவர் இலட்சுமணசாமி. மற்ற இராமசாமிகளுக்குப் பெயர் ஒன்று, முகம் வேறு. இந்த அண்ணன் தம்பிக்கு முகம் ஒன்று, பெயர் வேறு! நீதிக்கட்சியின் குழுவோடு 1919இல் இலண்டன் சென்று, பார்ப்பனரல்லாதாருக்குத் தனி ஒதுக்கீடு வேண்டுமென்று வாதாடியவர்களுள் ஒருவர். ‘ஜஸ்டிஸ்’ ஏட்டின் ஆசிரியர். சென்னை நகரின் மேயர். 1946இல் அய்க்கிய நாடுகள் அவையின் பொருளாதார சமூகக் குழு முதன்முதலாகக் கூடியபோது அதன் தலைமை நாற்காலியில் உட்கார்ந்தவர் இவரே. பெருமைதான், மறுக்கவில்லை. ஆனால் அவர் எழுதியதெல்லாம் ஆங்கிலம், பேசியதெல்லாம் ஆங்கிலம். அந்த ஆங்கிலத்தை உருக்காலைத் தோழனுக்கும் உழவனுக்கும் பெயர்த்துச் சொல்ல நீதிக்கட்சிக்கு இன்னொரு இராமசாமி தேவைப்பட்டார் என்பதுதான் வரலாறு. அந்த இன்னொருவர் சிறையில் இருந்தபோதே, 1938 டிசம்பரில், அவரைக் கட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்க வேண்டியதாயிற்று.

இனி ஈரோட்டாரும் சேத்துப்பட்டாரும். இருவரும் 1879இல் பிறந்தவர்கள். ஈரோட்டார் செப்டம்பர் 17, சேத்துப்பட்டார் நவம்பர் 12. இடையிலே 56 நாள்! ஒருவர் வணிகர் வீட்டுப் பிள்ளை. பள்ளியைச் சிறுவயதிலேயே உதறிவிட்டு மண்டியிலே உட்கார்ந்தவர். மற்றவர் வழக்குமன்றம் அதிர வாதாடி, மாகாணத்தின் அட்வகேட் ஜெனரல், கவர்னரின் நிர்வாகசபையில் சட்ட உறுப்பினர் என்று படிப்படியாக ஏறியவர். இந்த இருவரின் வாழ்வும் ஒரு மண்ணிலே குறுக்கிட்டன. அந்த மண் திருவிதாங்கூர்.

வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவிலே நாய் நடக்கலாம், பன்றி நடக்கலாம். ஈழவரும் புலையரும் நடக்கக்கூடாது. கோயிலுக்குள் புகுவது பற்றிய பேச்சே அல்ல, தெருவிலே நடப்பது பற்றிய பேச்சு! 1924 மார்ச் 30இல் சத்தியாகிரகம் தொடங்கிற்று. டி.கே.மாதவன், கே.பி.கேசவமேனன், ஜார்ஜ் ஜோசப் எனத் தலைவர்கள் ஒருவர்பின் ஒருவராகச் சிறைக்குள் தள்ளப்பட்டனர். களம் காலியாகும் நிலை. அழைப்பு ஈரோட்டுக்கு வந்தது. ஏப்ரலிலே வைக்கத்தில் வந்து இறங்கினார் ஈரோட்டு இராமசாமி. முதலில் அருவிக்குட்டியில் சிறை. வெளியே வந்ததும் மீண்டும் தடையை மீறினார். இரண்டாம் முறை திருவனந்தபுரம் மத்திய சிறை, கடுங்காவல். மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் களத்திலே நின்றனர். ஆகஸ்டில் மன்னர் மூலம் திருநாள் மறைந்தபிறகுதான் விடுதலை. 1925இல் கோயிலின் மூன்று பக்கத் தெருக்கள் எல்லாருக்கும் திறக்கப்பட்டன. ஒரு பக்கம்? மூடியே இருந்தது. கோயில் கதவோ கேட்கவே வேண்டாம்.

பன்னிரண்டு ஆண்டு கழிந்தது. 1936 அக்டோபரில் அதே திருவிதாங்கூரின் திவான் நாற்காலியில் அமர்ந்தார் சேத்துப்பட்டு இராமசாமி. மறுமாதமே, நவம்பர் 12இல், கோயில் நுழைவுப் பிரகடனம் வெளிவந்தது. அரசின் கோயில்கள் எல்லா இந்துக்களுக்கும் திறந்தன. ஒரு இராமசாமி தெருவிலே நடக்கச் சொன்னதற்காகக் கைவிலங்கு. இன்னொரு இராமசாமி கோயிலையே திறந்ததற்காகக் கைதட்டல்! அவருக்கு உரிய பங்கை நாம் மறுக்கமாட்டோம். திவானின் துணிவும் அதிலே இருந்தது. ஆனால் திவான் வீட்டு விளக்கொளியில் மட்டும் எழுதப்பட்டதா அந்தப் பிரகடனம்? முந்திய ஆண்டிலேதான் அம்பேத்கர் “இந்துவாகச் சாகமாட்டேன்” என்று அறிவித்திருந்தார். ஈழவர்கள் கூட்டத்தோடு மதம் மாறிவிடுவோம் என்று எச்சரித்துக்கொண்டிருந்தனர். அரண்மனைக்கு ஆள் கணக்கு தெரியும். கதவு உள்ளிருந்து திறந்தது உண்மை. வெளியிலிருந்து தட்டிய கைகள் எத்தனை என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும்.

சர் சி.பி.யின் கணக்கிலே வரவு இன்னும் உண்டு. சென்னையில் பதவியிலிருந்தபோது பைக்காரா நீர்மின் திட்டமும் மேட்டூர் அணையும் உருப்பெற உழைத்தார். திருவிதாங்கூரில் பள்ளிவாசல் மின்நிலையம், ஆலுவாயில் உரத் தொழிற்சாலை, பல்கலைக்கழகம். இவற்றை மறைத்து எழுதினால் நாம் நியாயம் தவறியவர்களாவோம்.

ஆனால் பற்று வரியில் இரத்தம் இருக்கிறது. 1946 அக்டோபர். ஆலப்புழை, சேர்த்தலை வட்டாரத்துக் கயிறு ஆலைத் தொழிலாளரும் வயல் கூலிகளும் மீனவரும் கிளர்ந்தெழுந்தனர். மன்னரையும் திவானையும் மேலே வைத்து, மக்களைக் கீழே வைக்கும் ‘அமெரிக்க மாடல்’ அரசியலமைப்பு வேண்டாம் என்றனர். கூலியும் சோறும் வேண்டும் என்றனர். அவர்கள் கையிலே இருந்த ஆயுதம் எது தெரியுமா தோழர்களே? நுனியைக் கூராக்கிய பாக்குமரக் கம்பு! எதிரே இயந்திரத் துப்பாக்கி. 24ஆம் நாள் புன்னப்பிரையில், 27ஆம் நாள் வயலாரில், நூற்றுக்கணக்கானோர் வீழ்ந்தனர். இராணுவச் சட்டம், படையின் தலைமைப் பொறுப்பைத் திவானே ஏற்றார். தொழிலாளியின் நாட்குறிப்பிலே அந்த இராமசாமியின் பெயர் அந்த நாளிலேயே எழுதப்பட்டுவிட்டது. பள்ளிவாசல் விளக்கு எத்தனை எரிந்தாலும் அந்த எழுத்து அழியாது.

அடுத்த ஆண்டு வேடிக்கையைக் கேளுங்கள். 1947இன் நடுவிலே தென்னாட்டின் இரண்டு பெரிய சமஸ்தானங்களிலும் திவான் பெயர் இராமசாமி! திருவிதாங்கூரில் சேத்துப்பட்டார், மைசூரில் 1946 முதல் ஆற்காட்டார். மைசூர் ஆகஸ்டிலேயே இந்தியாவுடன் இணைந்தது. ஆனால் மக்களிடம் ஆட்சியைக் கொடுக்கத் தயங்கியது. “மைசூர் சலோ” என்று மக்கள் தெருவிலே இறங்கி ஆற்காட்டாரை எதிர்த்து முழங்கிய பிறகே, அக்டோபரில் பொறுப்பாட்சி வந்தது. சேத்துப்பட்டாரோ இணையவே மாட்டோம் என்றார். திருவிதாங்கூர் தனி நாடு என்று ஜூனில் அறிவித்தார். ஜூலை 25 இரவு திருவனந்தபுரத்து இசைக் கழக விழாவில் கே.சி.எஸ்.மணி என்ற இளைஞன் அவரை வெட்டினான். முகத்திலே காயத்தோடு உயிர்பிழைத்தார். சில நாளிலே சமஸ்தானம் இணைய ஒப்பியது. ஆகஸ்டிலே திவான் விலகினார். ஆளை வெட்டுவது நம் வழியன்று. அன்றும் அன்று, இன்றும் அன்று. நடந்ததை நடந்தபடி சொன்னோம்.

தனி நாடு கேட்ட கதை அத்துடன் முடிந்ததா? இல்லையே! 1962இல் தேசிய ஒருமைப்பாட்டுக்காக ஒரு குழு போட்டார்கள். பிரிவினை பேசுவோரை எப்படி அடக்குவது என்று ஆராயும் குழு. அதற்குத் தலைவர் யார்? சர் சி.பி. இராமசாமி அய்யர்! பதினைந்து ஆண்டுக்கு முன் தனி நாட்டுக் கொடி பிடித்த அதே கை, பிரிவினை பேசுவோர் தேர்தலிலே நிற்க முடியாதபடி சட்டம் திருத்தவேண்டும் என்று பரிந்துரை எழுதிற்று. 1963இல் அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் வந்தது. திராவிட நாடு கேட்ட கழகம் அந்தக் கோரிக்கையை ஒதுக்கி வைக்க நேர்ந்தது. அரசர் பெயரால் கேட்டால் இராஜதந்திரம், மக்கள் பெயரால் கேட்டால் இராஜத்துரோகம் போலும்! அவர் 1966இல் இலண்டனில் மறைந்தார்.

ஈரோட்டாரிடம் திரும்புவோம். பெயரைப் பற்றித்தானே பேசுகிறோம். இராமனைக் கடுமையாக எதிர்த்தவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் இராமசாமி, அண்ணனுக்கு கிருஷ்ணசாமி. பெற்றோர் இட்டதை அவர் மாற்றவில்லை. சாதி ஒட்டியதைத்தான் வெட்டினார். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாகாண மாநாடு, பெயருக்குப் பின்னே சாதிப் பட்டம் போடுவதை விடவேண்டும் என்று தீர்மானித்தது. அன்றைக்கு அது சின்ன காரியமன்று. வால் இருந்தால்தான் வங்கியிலே கடன், சபையிலே நாற்காலி, சம்பந்தி வீட்டிலே மரியாதை. வாலை விட்டவன் ஏதோ ‘கீழ்ச்சாதி’யாக இருப்பான் என்று ஊர் சந்தேகிக்கும். அந்தச் சந்தேகத்தை வலிய ஏற்றுக்கொண்டவர்கள் அவர்கள். ஆங்கில ஏடுகள் மட்டும் விடாப்பிடியாக அவருக்கு ‘நாயக்கர்’ என்ற வாலை ஒட்டிக்கொண்டே இருந்தன. அவர் கழற்றிப் போட்டதைப் பொறுக்கிவந்து மாட்டுவதிலே அவற்றுக்கு ஏனோ அத்தனை ஆசை! இடையிலே 1938 நவம்பரில், சென்னையிலே கூடிய பெண்கள் மாநாடு அவருக்குப் ‘பெரியார்’ என்று பெயர் வைத்தது.

தமிழ்நாட்டிலே பெயருக்குப் பின் சாதி போடுவது வெட்கம் என்று ஆனது இப்படித்தான். வடக்கே சர்மாவும் சிங்கும் மிஸ்ராவும் பதவியேற்கிற மேடையிலே, நம்மவர் வெறும் பெயரோடு நிற்கிறார்கள். 1997இல் தென்மாவட்டங்களில் சாதிச் சண்டை மூண்டபோது, மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் இருந்த தலைவர்கள் பெயரையே அரசு எடுத்துவிட்டது. தலைவர்களையும் சாதிக்கொருவராகப் பங்கு போட்டுக்கொண்டார்களே, என் செய்வது!

ஆனால் வால் சாகவில்லை. பெயரிலே வெட்டினால் மணிக்கட்டிலே முளைக்கிறது. பள்ளிப் பிள்ளைகள் சாதிக்கொரு நிறத்தில் கயிறு கட்டிக்கொண்டு வகுப்பிலே உட்காருகிறார்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில், நன்றாகப் படித்த தாழ்த்தப்பட்ட சமூகத்துப் பையனை, அவனோடு படித்த பையன்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்கப் போன தங்கையும் வெட்டுப்பட்டாள். அரசு அமைத்த நீதிநாயகம் சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. பள்ளிகளின் பெயரிலே சாதி கூடாது, கையிலே வண்ணக் கயிறு கூடாது என்று அதிலே கண்டிருக்கிறது. திருமண அழைப்பிதழிலும் காதுகுத்துப் பதாகையிலும், பாட்டன் வெட்டிய வாலைப் பேரன் வண்ண எழுத்தில் அச்சடிப்பதை எந்தக் குழு தடுக்கும்? அது நம் வீட்டு வேலை. அச்சுக்கூடத்திலே ‘புரூஃப்’ பார்க்கும்போதே அடித்துவிடலாம், அரசாணை தேவையில்லை. நமது கழகத் தோழர்கள் வீட்டு அழைப்பிதழையும் சேர்த்தே சொல்கிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

கடைசியாக ஓமந்தூரார். நால்வரில் நம் மனத்துக்குச் சிக்கலானவர் இவரே. நண்பர் என்று சொல்லிவிடவும் முடியாது, பகைவர் என்று தள்ளிவிடவும் முடியாது.

1895இல் திண்டிவனத்தை அடுத்த ஓமந்தூரில் பிறந்த உழவர். 1947 மார்ச் 23இல் மாகாணத்தின் முதலமைச்சரானார். அந்நாளில் அந்தப் பதவிக்குப் பிரதமர் என்று பெயர். இரண்டு ஆண்டுதான் இருந்தார். அதற்குள் அவர் ஆட்சியிலே நிறைவேறிய சட்டங்களைப் பாருங்கள். ஆதிதிராவிடர் உள்ளிட்ட எல்லாருக்கும் கோயிலைத் திறந்துவிடும் சட்டம், 1947. பெண்களைப் பொட்டுக் கட்டிக் கோயிலுக்கு விடும் கொடுமையை ஒழித்த சட்டம், அதே ஆண்டு; டாக்டர் முத்துலட்சுமி அம்மையார் இருபது ஆண்டாகத் தட்டிய கதவு அப்போதுதான் திறந்தது. ஜமீன் ஒழிப்புச் சட்டம், 1948. பாரதியின் நூல்களைத் தனியார் கையிலிருந்து அரசுடைமையாக்கும் முடிவு, 1949.

எல்லாவற்றுக்கும் மேலாக, வகுப்புவாரி ஆணை. நீதிக்கட்சிக் காலத்திலிருந்து வந்த ஆணையில் 12 இடங்களுக்குத்தான் பங்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கென்று தனிக் கட்டம் அதில் இல்லை. ‘பார்ப்பனரல்லாத இந்துக்கள்’ என்ற ஒரே பந்தியிலே, முன்னால் உட்கார்ந்தவர்களுக்குச் சோறு, பின்னால் நின்றவர்களுக்கு இலைதான் மிச்சம். ஓமந்தூரார் ஆட்சி 1947 நவம்பரில் அதைத் திருத்தியது. 14 இடங்களில் பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு 6, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்கு 2, தாழ்த்தப்பட்டோருக்கு 2, பார்ப்பனருக்கு 2, கிறித்தவர் ஆங்கிலோ இந்தியருக்கு 1, முஸ்லிம்களுக்கு 1. நாவிதர் வீட்டு மகனுக்கும் வண்ணார் வீட்டு மகனுக்கும், பெரிய சாதியோடு முண்டாமல் ஒரு வாசல் முதன்முதலாகக் கிடைத்தது. இப்போது விளங்குகிறதா, ‘தாடியில்லாத இராமசாமி நாயக்கர்’ என்ற ஏச்சு எங்கிருந்து வந்தது என்று?

தாடியுள்ளவரோடு அவர் உறவு எப்படி? 1948 மார்ச்சில் கருஞ்சட்டைப் படையைத் தடைசெய்தது ஓமந்தூரார் அரசு. அதே ஆண்டு பள்ளிகளிலே இந்தியைக் கட்டாயமாக்கியதும் அதே அரசு. நம் தோழர்கள் மறியல் செய்தார்கள், சிறை சென்றார்கள். தாடியில்லாதவர் தாடியுள்ளவரைச் சிறையிலே வைத்தார்! சொந்தக் கட்சிக்காரர் பார்வையில் இருவரும் ஒன்று. நம் பார்வையில் ஒருவர் ஆள்வோர், மற்றவர் கைதி. ஆனால் அவர் போட்ட 14 இட ஆணையை 1950இல் உயர்நீதிமன்றமும் 1951இல் உச்ச நீதிமன்றமும் செல்லாதென்று வெட்டியபோது, அதற்காகத் தமிழகத்தைத் தட்டியெழுப்பியவர் தாடியுள்ள இராமசாமிதான். அந்தக் கிளர்ச்சியின் விளைவாகத்தான் 1951இல் அரசியலமைப்புக்கு முதல் திருத்தம் வந்தது. ஒருவர் எழுதிய ஆணையை, அவரால் சிறைவைக்கப்பட்டவர் காப்பாற்றக் களம் புகுந்தார். ஓமந்தூரார் அப்போது பதவியில் இல்லை. கட்சிக்குள் நடந்த கெடுபிடியில் 1949 ஏப்ரலிலேயே வெளியேறி வடலூருக்குப் போய்விட்டார். அங்கே சுத்த சன்மார்க்க நிலையம் அமைத்து, ஏழைப் பிள்ளைகளின் படிப்பையும் பசியையும் பார்த்துக்கொண்டிருந்து, 1970 ஆகஸ்ட் 25இல் கண்மூடினார்.

சென்னை அண்ணா சாலையை ஒட்டி, சிந்தாதிரிப்பேட்டைப் பக்கம், அவர் பெயரால் ஒரு தோட்டம் இருக்கிறது. அங்கே எழுந்த பெருங்கட்டடம் 2014 முதல் அரசு மருத்துவமனையாக நடக்கிறது. நெஞ்சுவலிக்காரனைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறுகிற தொழிலாளி ஓட்டுநரிடம் சொல்வது ஒரே சொல்: “ஓமந்தூரார்!” இராமசாமி என்பதும் இல்லை, ரெட்டியார் என்பதும் இல்லை. ஓட்டுநரும் எந்த ஓமந்தூரார் என்று கேட்பதில்லை.